பதின்மூன்று வெற்றி, ஐந்தாம் இடம்

மார்கழிக் காலையில் நடக்கப் போனாலே காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொள்ளும் நமக்கும் பனிச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எனக்கும் கணக்குக்கும் சம்பந்தம் உண்டு. வேலைக்காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பேரேடு பார்த்தவன். விளையாட்டுப் பக்கத்தைப் படித்தாலும் என் கண் முதலில் எண்களிடம்தான் போகும். அப்படி ஒரு எண்தான் என்னை ஸ்வீடன் நாட்டுக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரே பருவத்தில் பதின்மூன்று போட்டிகளை வென்றவர் ஒட்டுமொத்தப் பட்டியலில் ஐந்தாம் இடத்தில் நிற்கிறார். கூட்டல் பிழை இல்லை. அதற்கு மேல் அவர் கணக்கில் சேர்க்க விதி இடம் கொடுக்கவில்லை.

அவர் பெயர் இங்கமார் ஸ்டென்மார்க். 1956 மார்ச் 18-ம் தேதி பிறந்தவர். அதே ஆண்டு ஜூன் மாதம் பிறந்த இன்னொரு ஸ்வீடன்காரரை நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், டென்னிஸ் வீரர் பியோன் போர்க். 1974-ல் அமெரிக்க ஓப்பனில் நம் சென்னை விஜய் அமிர்தராஜ் அந்த போர்க்கைத் தோற்கடித்தபோது நாம் எப்படிக் குதித்தோம் என்று நினைவிருக்கும். அதே 1974 டிசம்பரில்தான் ஸ்டென்மார்க் தன் முதல் உலகக் கோப்பைப் போட்டியை வென்றார். அந்தச் செய்தி நம் ஊர் வரைக்கும் வரவில்லை.

ஸ்வீடனின் வடகோடியில், லாப்லாந்துப் பகுதியில், நார்வே எல்லையை ஒட்டி டேர்னபி என்று ஒரு சிற்றூர். சில நூறு பேர் வாழும் இடம். வட துருவ வட்டம் அங்கிருந்து அதிக தூரமில்லை. குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நேரம் சில மணிதான். ஸ்டென்மார்க் வளர்ந்தது அங்கே. ஐந்து வயதில் பலகை கட்டிக்கொண்டு சறுக்கத் தொடங்கினார். எட்டு வயதில் தேசிய அளவிலான சிறுவர் போட்டியில் வெற்றி, பதின்மூன்று வயதில் ஸ்வீடனின் இளையோர் பயிற்சி அணியில் இடம்.

ஸ்வீடனில் பனிச்சறுக்கு புதிதல்ல. ஆனால் அவர்களுடையது சமவெளியிலும் காட்டிலும் பல கிலோமீட்டர் தூரம் பலகையில் நடந்தும் ஓடியும் போகிற வகை. மலை உச்சியிலிருந்து கீழே பாய்ந்து வரும் வகைக்கு ‘ஆல்பைன்’ என்று பெயர். ஆல்ப்ஸ் மலையை வைத்து வந்த பெயர். அது ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இத்தாலிக்காரர்களின் பரம்பரைச் சொத்து மாதிரி இருந்தது. அந்த வீட்டுக்குள் ஒரு வடக்கத்திப் பையன் நுழைந்தான் என்பதே முதல் ஆச்சரியம். அவரை வார்த்தெடுத்த ஹெர்மன் நோக்லர் என்ற பயிற்சியாளர்கூட இத்தாலியிலிருந்து ஸ்வீடன் அணிக்கு வந்தவர்தான்.

கதையைத் தொடர்வதற்கு முன் இந்த விளையாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இதில் முக்கியமாக மூன்று பிரிவுகள். முதலாவது டவுன்ஹில். மலையிலிருந்து ஒரே ஓட்டமாகக் கீழே வரவேண்டும். வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். துணிச்சல்தான் மூலதனம். இரண்டாவது ஸ்லாலம். சரிவில் நெருக்க நெருக்கமாகக் கழிகள் நட்டிருப்பார்கள். அவற்றினிடையே இடமும் வலமுமாக வளைந்து வளைந்து வரவேண்டும். ஒரு கழியைத் தவறவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது ஜயன்ட் ஸ்லாலம். கழிகளின் இடைவெளி அதிகம், வளைவுகள் பெரியவை, வேகமும் கூட. ஸ்லாலம் வகை இரண்டிலும் இரண்டு ஓட்டம் ஓடி, இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். வினாடியில் நூறில் ஒரு பங்கு வரை கணக்கு.

1967-ல் தொடங்கிய உலகக் கோப்பை ஒரு நாள் கூத்து அல்ல. குளிர்காலம் முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் போட்டி நடக்கும். அப்போது ஒவ்வொரு வெற்றிக்கும் 25 புள்ளி. பருவ முடிவில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்கு ஒட்டுமொத்தப் பட்டம்.

ஸ்டென்மார்க் ஸ்லாலம் இரண்டிலும் மன்னர். டவுன்ஹில் பக்கம் போகவே மாட்டார். அவருடைய கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

முதல் பெரிய பருவமே நாடகம் போல முடிந்தது. 1975 மார்ச்சில் இத்தாலியின் வால் கார்தேனாவில் கடைசிப் போட்டி. அதற்கு முன் மூன்று பேர் சரிசமமாக 240 புள்ளியில் நிற்கிறார்கள். ஆஸ்திரியாவின் டவுன்ஹில் சூரர் பிரான்ஸ் கிளாம்மர் ஒருவர். இத்தாலியின் குஸ்தாவோ தோனி இன்னொருவர் (ராஞ்சிக்காரர் இல்லை, இவர் வேறு தோனி). மூன்றாமவர் பத்தொன்பது வயது நிரம்பி ஐந்து நாளே ஆன ஸ்டென்மார்க். கடைசிப் போட்டி இருவர் இருவராக அருகருகே ஓடும் இணை ஸ்லாலம். கிளாம்மர் ஆரம்பத்திலேயே வெளியேறிவிட்டார். இறுதிச் சுற்றில் தோனியும் ஸ்டென்மார்க்கும். சொந்த மண்ணின் கூட்டம் தோனிக்காகக் கத்த, ஸ்டென்மார்க் தடுமாறித் தவறவிட்டார். பட்டம் தோனிக்குப் போனது.

அடுத்த மூன்று ஆண்டுகளும், 1976, 1977, 1978, பட்டம் ஸ்டென்மார்க்குக்கு. முதல் ஓட்டத்தில் மூன்றாவது, நான்காவது, சில சமயம் அதற்கும் கீழே இருப்பார். இரண்டாவது ஓட்டத்தில் எல்லோரையும் தாண்டிவிடுவார். ஸ்வீடன்காரர்கள் இன்றும் சொல்வார்கள்: அவருடைய இரண்டாவது ஓட்டம் வரும் நேரத்தில் பள்ளிக்கூடங்களில் பாடத்தை நிறுத்திவிட்டு வகுப்பறைக்குள் தொலைக்காட்சிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்களாம். கபில்தேவ் ஆடும்போது நம் அலுவலகங்களில் டிரான்சிஸ்டரைச் சுற்றிக் கூட்டம் நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆள் பேச மாட்டார். நிருபர்கள் மைக்கை நீட்டினால் இரண்டு வார்த்தை, அதோடு சரி. ‘சும்மா சறுக்க வேண்டியதுதான்’ என்ற பொருளில் அவர் வடக்கு வட்டார வழக்கில் சொன்னதாக ஒரு வாசகம் ஸ்வீடனில் பழமொழி போலவே ஆகிவிட்டது. சும்மா வந்ததில்லை அந்தத் திறமை. நம் ஊர்க் கழைக்கூத்தாடி மாதிரி கயிற்றின் மேல் நடந்தும், ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டியும் உடம்பின் சமநிலையைப் பழக்கியவர் அவர்.

இப்போது நான் முதலில் சொன்ன கணக்குக்கு வருவோம்.

உலகக் கோப்பையை உருவாக்கியவர்களின் நோக்கம் எல்லாப் பிரிவிலும் கெட்டிக்காரரான ஒருவரைக் கண்டுபிடிப்பது. டவுன்ஹில்லில் கால் வைக்காத ஒருவர் மூன்று ஆண்டு தொடர்ந்து பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனால் அவர்களுக்கு உறுத்தத்தானே செய்யும்? எழுபதுகளின் பிற்பகுதியில் விதிகள் இறுகிக்கொண்டே வந்தன. 1978-79 பருவத்தில் இருந்த விதிப்படி, ஒரு வீரர் ஒரு பிரிவில் எத்தனை போட்டி வென்றாலும், அவருடைய சிறந்த மூன்று முடிவுகள் மட்டுமே ஒட்டுமொத்தப் பட்டியலில் சேரும். கூடவே டவுன்ஹில்லையும் ஸ்லாலத்தையும் சேர்த்துப் பார்க்கும் ‘கூட்டுப் போட்டி’க்கும் தனியாகப் புள்ளி. இதெல்லாம் ஸ்டென்மார்க்குக்குப் போட்ட கடிவாளம் என்றுதான் அன்றைக்கே பலரும் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பருவத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜயன்ட் ஸ்லாலம் மொத்தம் பத்துப் போட்டி. பத்தையும் வென்றார். ஸ்லாலத்தில் மூன்று வெற்றி. ஆக மொத்தம் பதின்மூன்று. செக்கோஸ்லோவாக்கியாவின் யாஸ்னாவில் நடந்த ஜயன்ட் ஸ்லாலத்தில் இரண்டாவதாக வந்த போயான் கிரிஷாயை அவர் முந்தியது 4.06 வினாடியில். நூறில் ஒரு பங்கு வினாடிக்கு அடித்துக்கொள்ளும் விளையாட்டில் நான்கு வினாடி என்பது, நம் ஊர்த் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு அடுத்த தேரை வடம் பிடிப்பது மாதிரி.

கணக்கைப் பாருங்கள். பதின்மூன்று வெற்றி, வெற்றிக்கு 25 புள்ளி. பெருக்கினால் 325. விதிப்படி சேர்ந்தது ஜயன்ட் ஸ்லாலத்தில் மூன்று, ஸ்லாலத்தில் மூன்று, ஆக ஆறு வெற்றி. ஆறு இருபத்தைந்து 150. மீதி 175 புள்ளி காற்றோடு போயிற்று. அவர் ஓடிய இரண்டு பிரிவிலிருந்து ஒரு மனிதன் எடுக்கக்கூடிய உச்சபட்சமே 150 தான். அதில் ஒன்றுகூடக் குறையாமல் எடுத்தார். பட்டம் 186 புள்ளியோடு சுவிட்சர்லாந்தின் பீட்டர் லூஷருக்குப் போனது. எல்லாப் பிரிவிலும் ஓடிப் புள்ளி சேர்த்தவர் அவர். ஸ்டென்மார்க் ஐந்தாவது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். பெயர் வேண்டாம். பழைய பதிவேடுகள் வைத்திருந்த அறை அவர் பொறுப்பு. முப்பது வருடத்துக்கு முந்தைய கோப்பைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் தூசி தட்டி மேஜையில் வைத்துவிடுவார். பதவி உயர்வுக்கு மூன்று பிரிவிலும் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. அவருக்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். அவர் அந்த அறையிலேயே ஓய்வு பெற்றார். விதி தப்பா என்று கேட்டால் தப்பு என்று சொல்லிவிட முடியாது. எல்லாப் பிரிவும் தெரிந்தவர்தான் மேலதிகாரியாக வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது.

பனிமலையிலும் அப்படித்தான். எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். முன்னே சொன்ன கிளாம்மர் 1974-75 பருவத்தில் ஒன்பது டவுன்ஹில்லில் எட்டை வென்றவர். அவருக்கும் ஒட்டுமொத்தப் பட்டம் கடைசி வரை கிடைக்கவே இல்லை. ஒரே துறையில் சிகரம் தொட்டவர்களை இந்தப் பட்டியல் என்றைக்குமே முழுதாக மதித்ததில்லை. ஆனால் கணக்குப் பிள்ளையாக எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. பல துறை தெரிந்தவனுக்குக் கூடுதலாகக் கொடு, தாராளமாகக் கொடு. அதற்காக ஒருவன் செய்து முடித்த வேலையைச் செய்யாதது போல ஏட்டில் எழுதாதே. வரவு வந்தால் வரவு வைக்க வேண்டும். அதுதான் நாங்கள் படித்த பாடம்.

ஸ்டென்மார்க் இதற்கெல்லாம் அறிக்கை விடவில்லை. சரி, டவுன்ஹில்லும் பழகிப் பார்ப்போம் என்று கிளம்பினார். 1979 செப்டம்பரில் இத்தாலியில் டவுன்ஹில் பயிற்சி செய்யும்போது கோரமாக விழுந்தார். தலையில் பலத்த அடி, நினைவிழந்து கிடந்தார். இனி இவர் பழைய ஆளாக வருவாரா என்று ஸ்வீடனே கவலைப்பட்டது.

ஐந்து மாதம் கழித்து, 1980 பிப்ரவரியில், அமெரிக்காவின் லேக் பிளாசிடில் குளிர்கால ஒலிம்பிக். ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முதலாகச் செயற்கைப் பனியைப் பயன்படுத்திய இடம் அது. உலகக் கோப்பையில் எத்தனையோ வென்றிருந்தும், ஒலிம்பிக்கில் அதுவரை ஸ்டென்மார்க்குக்கு 1976 இன்ஸ்ப்ரூக்கில் கிடைத்த ஒரு வெண்கலம் மட்டும்தான். ஜயன்ட் ஸ்லாலத்தில் முதல் ஓட்டம் முடிந்தபோது மூன்றாவது இடம். இரண்டாவது ஓட்டத்தில் லிக்டென்ஸ்டைனின் ஆண்ட்ரியாஸ் வென்சலைத் தாண்டித் தங்கம். மூன்று நாள் கழித்து ஸ்லாலம். முதல் ஓட்டத்தில் நான்காவது இடம். முன்னே நின்றவர் அமெரிக்காவின் பில் மேயர், சொந்த நாட்டில் ஓடுகிறார். இரண்டாவது ஓட்டத்தில் ஸ்டென்மார்க் அவரை அரை வினாடியில் முந்தினார். இரண்டு தங்கம். அதே நாள் மாலைதான் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் ஐஸ் ஹாக்கியில் சோவியத் அணியை வீழ்த்தினார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் ஸ்டென்மார்க்குக்கு எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு ஒட்டுமொத்தப் பட்டம்? 1980, 81, 82, 83, 84. ஐந்து ஆண்டும் இரண்டாம் இடம். 1981 ஜனவரியில், உலகிலேயே பயங்கரமானது என்று பெயரெடுத்த கிட்ஸ்பியூல் டவுன்ஹில்லிலும் இறங்கிப் பார்த்தார். வேகக்காரர்களுக்கு வெகுதூரம் பின்னால்தான் வர முடிந்தது. ஆனால் முழுசாக வந்து சேர்ந்தார். அந்தப் பருவ முடிவில் பில் மேயர் 266, ஸ்டென்மார்க் 260. ஆறே புள்ளி.

இன்னொரு விதியும் அவருக்காகக் காத்திருந்தது. ஒலிம்பிக் அந்தக் காலத்தில் ‘தொழில்முறை அல்லாதவர்களுக்கு’ என்று சொல்லிக்கொள்ளும். உண்மையில் எல்லா வீரர்களும் பலகைக் கம்பெனிகளிடம் பணம் வாங்கினார்கள். அந்தப் பணம் தேசிய சங்கத்தின் வழியாக வந்தால் அவர் அமெச்சூர். தானே நேராக வாங்கிக்கொண்டால் அதற்கு ‘பி உரிமம்’ என்று தனிச் சீட்டு. ஸ்டென்மார்க் ஒளிவுமறைவு இல்லாமல் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டார். பலன், 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் அவருக்கு இடமில்லை. 1980-ல் பெண்கள் பிரிவில் இதே இரண்டு தங்கத்தையும் வென்ற லிக்டென்ஸ்டைனின் ஹன்னி வென்சலுக்கும் இதே கதி. சங்கத்தின் வழியாக வாங்கியவர்கள் எல்லாம் ஓடினார்கள்.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். ஸ்டென்மார்க் ஆரம்பம் முதல் ஓய்வு வரை ‘எலான்’ என்ற ஒரே கம்பெனியின் பலகைகளில்தான் ஓடினார். அது யூகோஸ்லாவியாவில், இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் சின்ன ஊர்த் தொழிற்சாலை. ஆல்ப்ஸ் நாட்டுப் பெரிய கம்பெனிகளை எல்லாம் விட்டுவிட்டு இந்தக் கம்பெனியோடு கடைசி வரை இருந்தவர் அவர். அந்தப் பலகைகளுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தவர், அதே யூகோஸ்லாவியா தன் ஒரே ஒலிம்பிக்கை நடத்தியபோது வெளியே நின்றார்.

எண்பதுகளில் ஆட்டமும் மாறியது. முன்பெல்லாம் ஸ்லாலம் கழி என்றால் விறைப்பான கழி, மூங்கிலும் உண்டு. இடித்தால் வலிக்கும், அதனால் சுற்றித்தான் போக வேண்டும். அப்படி நூல் பிடித்த மாதிரி சுற்றிப் போவதில் ஸ்டென்மார்க்குக்கு இணை கிடையாது. பிறகு அடியில் மடங்கும் பிளாஸ்டிக் கழி வந்தது. இளைஞர்கள் கழியை உடம்பாலேயே தள்ளிக்கொண்டு நேராகப் பாய ஆரம்பித்தார்கள். முப்பதை நெருங்கிய வயதில் ஸ்டென்மார்க் புதிதாகப் பழக வேண்டியதாயிற்று. வெற்றிகள் அரிதாயின, ஆனால் நிற்கவில்லை. விதி தளர்ந்த பிறகு 1988 கால்கரி ஒலிம்பிக்குக்கு வந்து ஸ்லாலத்தில் ஐந்தாவதாக முடித்தார். வென்றவர் அவரைவிடப் பத்து வயது இளைய இத்தாலிக்காரர் ஆல்பர்ட்டோ தொம்பா. இதே கால்கரியில்தான், நம் நாட்டின் சைலஜா குமார் பெண்கள் ஸ்லாலத்தில் ஓடி, குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

1989 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆஸ்பெனில் ஜயன்ட் ஸ்லாலம். முப்பத்திரண்டு வயது ஸ்டென்மார்க் அதை வென்றார். அது 86-வது வெற்றி, கடைசி வெற்றி. அந்தப் பருவத்தோடு ஓய்வு. ஜயன்ட் ஸ்லாலம் 46, ஸ்லாலம் 40. வேறு எதிலும் ஒன்றுகூட இல்லை.

ஒட்டுமொத்தப் பட்டத்துக்கு உச்சவரம்பு வைத்தவர்களால் மொத்த வெற்றிகளின் பட்டியலுக்கு வரம்பு வைக்க முடியவில்லை. அந்த ஏட்டில் வரவு எல்லாம் வரவாகவே நின்றது. 1979-ல் காற்றோடு போன ஏழு வெற்றிகளும் அந்த 86-க்குள் பத்திரமாக இருக்கின்றன. 34 ஆண்டுகள் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. லிண்ட்சி வான் 2018-ல் 82 வரை வந்தார். ஆண்களில் ஆஸ்திரியாவின் மார்செல் ஹிர்ஷர் 67-ல் நின்றார். கடைசியில் அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் 2023 மார்ச் 10-ம் தேதி 86-ஐத் தொட்டு, மறுநாளே 87 ஆக்கினார். நடந்த இடம் ஓரே, ஸ்டென்மார்க்கின் ஸ்வீடனில். இன்று ஷிஃப்ரின் நூறைத் தாண்டிவிட்டார். ஆண்களில் இன்னும் 86 தான் உச்சம்.

ஷிஃப்ரின் நெருங்கி வந்தபோது ஸ்டென்மார்க்கிடம் கேட்டார்கள். அவர் என்னைவிட எவ்வளவோ மேல், ஒப்பிடவே கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு பிரிவுக்கு மேல் வெல்லாதவர், எல்லாப் பிரிவிலும் வென்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னது அது. இன்னொரு தகவலும் உண்டு. பேசவே கூச்சப்பட்ட இந்த மனிதர் 2015-ல், அறுபதை நெருங்கும் வயதில், ஸ்வீடன் தொலைக்காட்சியின் நடனப் போட்டியில் கலந்துகொண்டார். அதிலும் முதலிடம்.

லேக் பிளாசிடின் அந்த இரண்டாவது ஓட்டம் இணையத்தில் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஓட்டம்தான். பார்க்கும்போது இடுப்புக்குக் கீழே மட்டும் பார்க்காமல் தோள்களையும் கவனியுங்கள். கால்கள் இரண்டும் தறி நாடா போல இடமும் வலமும் ஓடும், தோள் மட்டும் தண்ணீர்க் குடம் சுமப்பவர் தோள் போல அசையாமல் வரும். பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.